வால் எழுத்து ஒரு நாடு, உரிமம் இன்னொரு நாடு: என்264டிபி விபத்து குறித்த நிகழ்வு ஆய்வு

2019 ஜனவரி 21, திங்கட்கிழமை இரவு. பிரான்ஸின் நான்ட் நகரிலிருந்து பிரிட்டனின் கார்டிஃபுக்குப் புறப்பட்ட ஒற்றை எஞ்சின் விமானம் ஒன்று ஆங்கிலக் கால்வாயில் விழுந்தது. உள்ளே இருந்தவர்கள் இரண்டே பேர். பயணி எமிலியானோ சாலா, 28 வயதான அர்ஜென்டினா கால்பந்து வீரர். இரண்டு நாளுக்கு முன்புதான் கார்டிஃப் சிட்டி அணி அவரை ஒன்றரைக் கோடி பவுண்டுக்கு ஒப்பந்தம் செய்திருந்தது. பழைய அணித் தோழர்களிடம் விடைபெறத்தான் நான்ட் வந்திருந்தார். விமானி 59 வயது பிரிட்டன்காரர். சாலாவின் உடலைப் பிப்ரவரி முதல் வாரத்தில் கடலடியிலிருந்து மீட்டார்கள். விமானியின் உடல் கிடைக்கவே இல்லை.

பிரிட்டனின் விமான விபத்துப் புலனாய்வுப் பிரிவான ஏஏஐபி தன் இறுதி அறிக்கையை 2020 மார்ச் 13 அன்று வெளியிட்டது. அந்த அறிக்கை விமானியைப் பெயர் சொல்லிக் குறிப்பிடுவதில்லை. நானும் அப்படியே செய்கிறேன்.

இந்த விபத்தைப் பற்றி எழுதப்பட்டவற்றில் பெரும்பகுதி கால்பந்து உலகத்தையும் பணத்தையும் பற்றியது. வெளிநாட்டில் பறக்கக் கற்றவர்களும், ஒரு நாட்டு உரிமத்தைக் காட்டி இன்னொரு நாட்டு உரிமம் வாங்கியவர்களும் இதைப் படிக்க வேண்டியது வேறொரு காரணத்துக்காக. அன்றிரவு விமானியிடம் இரண்டு நாடுகளின் உரிமங்கள் இருந்தன. இரண்டும் போலி அல்ல, முறைப்படி வழங்கப்பட்டவை. ஆனால் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்தால், அந்தப் பயணத்துக்கு அவருக்கு அனுமதியே இல்லை என்பது தெரிந்துவிடும்.

பிரிட்டன்காரர், பிரான்ஸிலிருந்து பிரிட்டனுக்குப் போகிறார். இதில் அமெரிக்க உரிமம் எங்கிருந்து வந்தது? விடை விமானத்தின் வாலில் இருந்தது. அது 1984-ல் தயாரான பைப்பர் மாலிபு. ஆறு இருக்கை, ஒரே பிஸ்டன் எஞ்சின், காற்றழுத்தம் நிலைநிறுத்தப்பட்ட அறை. பதிவெண் என்264டிபி. 'என்' என்று தொடங்கினால் அமெரிக்கப் பதிவு. அமெரிக்கர் அல்லாதவர்கள் அறக்கட்டளை ஏற்பாடு ஒன்றின் மூலம் தங்கள் விமானத்தை அமெரிக்காவில் பதிவு செய்ய முடியும். ஐரோப்பாவில் நிரந்தரமாகவே தங்கியிருக்கும் 'என்' விமானங்கள் நிறைய. இதுவும் அதில் ஒன்று.

1944-ன் சிகாகோ உடன்படிக்கை இதைத் தெளிவாகச் சொல்கிறது. 32-வது பிரிவின்படி, ஒரு நாட்டிலிருந்து இன்னொரு நாட்டுக்குப் பறக்கும் விமானத்தின் விமானியிடம், அந்த விமானம் எந்த நாட்டில் பதிவாகியிருக்கிறதோ அந்த நாடு வழங்கிய உரிமமோ, அந்த நாடு செல்லுபடியாக்கிய உரிமமோ இருக்க வேண்டும். விமானி எந்த நாட்டுக் குடிமகன், எங்கே கற்றார் என்பதெல்லாம் அடுத்த கேள்விகள். அமெரிக்க விதி கொஞ்சம் தளர்வு தருகிறது: அமெரிக்கப் பதிவு விமானத்தை வேறொரு நாட்டுக்குள் மட்டும் ஓட்டினால் அந்த நாட்டின் உரிமமே போதும். ஆகவே பிரிட்டனுக்குள் ஓட்டப் பிரிட்டன் உரிமம் போதும். எல்லை தாண்டி பிரான்ஸுக்குப் போய்த் திரும்ப அமெரிக்க உரிமம் வேண்டும்.

அமெரிக்க உரிமம் பெற இரண்டு வழி உண்டு. பயிற்சிக்காக வெளிநாடு போக நினைக்கும் எவரும் இந்த இரண்டுக்கும் உள்ள தூரத்தை முதலில் மனதில் வாங்கிக்கொள்வது நல்லது.

முதல் வழி, அங்கேயே போய்க் கற்பது. வானிலை தெளிவாக இருக்கும் நாட்கள் அதிகம் என்பதால் ஃப்ளோரிடா, அரிசோனா, கலிஃபோர்னியா மாநிலங்களில் உள்ள பயிற்சிப் பள்ளிகளுக்கு உலகம் முழுவதிலிருந்தும் மாணவர்கள் போகிறார்கள். 2001 செப்டம்பர் தாக்குதலுக்குப் பின் வெளிநாட்டு மாணவர்கள் பாதுகாப்புச் சோதனையில் தேறிய பிறகே பயிற்சியைத் தொடங்க முடியும். தனியார் விமானி உரிமத்துக்குக் குறைந்தது 40 மணி நேரம் பறக்க வேண்டும், எழுத்துத் தேர்வு, பிறகு தேர்வாளரோடு வாய்மொழித் தேர்வும் பறத்தல் தேர்வும். இப்படி வரும் உரிமம் தன் காலில் நிற்கும். அதற்குப் பின்னால் வேறெந்த நாட்டின் காகிதமும் தேவையில்லை.

இரண்டாவது வழி, 61.75 என்ற விதியின் கீழ் வருவது. ஏற்கெனவே சொந்த நாட்டில் உரிமம் வைத்திருப்பவர், அதைக் காட்டி அமெரிக்கத் தனியார் உரிமம் வாங்கலாம். பறத்தல் தேர்வு கிடையாது. அமெரிக்க விமானப் போக்குவரத்து நிர்வாகமான எஃப்ஏஏவின் ஓக்லஹோமா நகர அலுவலகத்துக்கு விண்ணப்பித்தால், அவர்கள் உங்கள் நாட்டு அதிகாரிகளிடம் உரிமம் உண்மையானதா என்று கேட்டு உறுதிசெய்வார்கள். பிறகு எஃப்ஏஏ கிளை அலுவலகம் ஒன்றுக்கு நேரில் போய் உரிமத்தையும் மருத்துவச் சான்றையும் காட்டினால் அட்டை கிடைக்கும். சுலபமான வழி, நேர்மையான வழியும்கூட. விடுமுறைக்கு அமெரிக்கா போய் நாலு நாள் விமானம் வாடகைக்கு எடுக்க நினைப்பவருக்கு இதைவிட வசதி வேறில்லை.

அந்த அட்டையைக் கையில் எடுத்துப் பாருங்கள். ரைட் சகோதரர்களின் முகங்கள் அச்சிட்ட பிளாஸ்டிக் அட்டை. முழுப் பயிற்சி பெற்றவரின் அட்டையும் இதுவும் பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும். வேறுபாடு வரம்புகள் பகுதியில் உள்ள சில வரிகளில்தான். இன்ன நாட்டின் இன்ன எண்ணுள்ள உரிமத்தின் அடிப்படையில் வழங்கப்பட்டது. அந்த உரிமம் உடன் இருந்தால் மட்டுமே செல்லும். அந்த உரிமத்தின் வரம்புகளும் கட்டுப்பாடுகளும் இதற்கும் பொருந்தும். அசல் உரிமத்தின் எண் மாறினால்கூட இந்த அட்டை செல்லாது, புதிதாக வாங்க வேண்டும். இந்த அட்டையை வைத்துக் கூலிக்குப் பறக்கவும் முடியாது.

மாலிபு விமானி வைத்திருந்தது இந்த இரண்டாவது வகை. 2014-ல் பெற்றது, அவருடைய பிரிட்டன் தனியார் விமானி உரிமத்தை அடியொட்டி. ஆகவே அமெரிக்க அட்டையில் என்ன இருக்கிறது என்று கேட்பதில் பயனில்லை. பிரிட்டன் உரிமத்தில் என்ன இருந்தது, என்ன இல்லை என்பதே கேள்வி.

இரவு ரேட்டிங், அதாவது உரிமத்தில் சேரும் கூடுதல் தகுதி, இல்லை. பிரிட்டனில் தனியார் உரிமம் பகல் பறத்தலுக்குத்தான். இரவில் பறக்கத் தனியாக ஐந்து மணி நேரப் பயிற்சி எடுத்து ரேட்டிங் பெற வேண்டும். அதில் மூன்று மணி நேரம் பயிற்றுநருடன், ஐந்து முறை தனியாக ஏறி இறங்க வேண்டும். அமெரிக்காவில் அப்படியல்ல. அடிப்படைப் பயிற்சிக்குள்ளேயே மூன்று மணி நேர இரவுப் பயிற்சியும் பத்து முறை இரவில் ஏறி இறங்குவதும் சேர்ந்து வரும். எனவே இதே மனிதர் ஃப்ளோரிடா போய் முதலிலிருந்து கற்று அமெரிக்க உரிமம் வாங்கியிருந்தால், இரவில் பறக்கும் உரிமையும் அதற்கான பயிற்சியும் கூடவே வந்திருக்கும். குறுக்கு வழி அவருக்கு அட்டையைக் கொடுத்தது, அந்த இருட்டுப் பயிற்சியைக் கொடுக்கவில்லை. இந்த நிகழ்வில் எனக்கு மிக முக்கியமாகப் படுவது இதுதான். இரண்டு நாடுகளின் விதிகளையும் கற்ற எத்தனையோ பேர், தாராளமான நாட்டின் விதி தங்களுக்கும் பொருந்தும் என்று நம்பிக்கொண்டிருக்கிறார்கள். 61.75 அட்டையைப் பொறுத்தவரை இறுக்கமான விதியே வெல்லும்.

அடுத்தது, ஒற்றை பிஸ்டன் எஞ்சின் விமானங்களுக்கான ரேட்டிங். அது 2018 நவம்பரிலேயே காலாவதியாகிவிட்டது என்கிறது இறுதி அறிக்கை. இந்த ரேட்டிங் இரண்டு ஆண்டு செல்லும். புதுப்பிக்க ஒரு தேர்வு கொடுக்கலாம், அல்லது கடைசி ஓராண்டில் 12 மணி நேரம் பறந்து, அதில் ஒரு மணி நேரமாவது பயிற்றுநரோடு பறந்து கையெழுத்து வாங்கலாம். நிறையப் பறப்பவருக்கு இது ஒரு பிற்பகல் வேலை. அதனாலேயே 'வெறும் கையெழுத்துதானே' என்று சிலர் வாதாடுகிறார்கள். எனக்கு ஒப்புதல் இல்லை. தனியாகவே பறக்கும் தனியார் விமானியின் பக்கத்தில் அனுபவசாலி ஒருவர் உட்கார்ந்து அவர் கைகளைக் கவனிப்பது இரண்டு ஆண்டில் அந்த ஒரு மணி நேரம்தான். அது தவறினால் கவனிக்க ஆளே இல்லை. பிரிட்டன் ரேட்டிங் காலாவதியான நாளிலேயே, அதைச் சார்ந்து நின்ற அமெரிக்க அட்டையின் உரிமையும் போய்விட்டது. அட்டையில் காலாவதித் தேதி எதுவும் அச்சிடப்படுவதில்லை என்பதால் பார்ப்பவருக்கு அது தெரியாது.

மூன்றாவது, பணம். தனியார் உரிமம் வைத்திருப்பவர் பயணிகளோடு செலவைப் பகிர்ந்துகொள்ளலாம். அமெரிக்க விதியில் தன் பங்குக்குக் குறையாமல் அவரும் கொடுக்க வேண்டும். அதோடு விமானிக்கும் அந்த ஊருக்குப் போக உண்மையான சொந்தக் காரணம் இருக்க வேண்டும். பயணிக்கு வேண்டிய நேரத்தில் பயணி சொன்ன ஊருக்குப் போவது செலவுப் பகிர்வு ஆகாது, அது வாடகைப் பயணம். வாடகைப் பயணத்துக்கு வணிக விமானி உரிமம் வேண்டும், அதை நடத்துபவருக்கு அதற்கான சான்றிதழ் வேண்டும், வெளிநாட்டுப் பதிவு விமானம் என்றால் தனி அனுமதியும் வேண்டும். விமானிக்குத் தொகை தரப்படவிருந்தது. அவர் வணிக உரிமத்துக்கான பயிற்சியை முன்பே தொடங்கி, முடிக்காமல் விட்டிருந்தார்.

இனி அந்த இரவு. பிரிட்டன் நேரப்படி 19:06-க்கு விமானம் நான்டிலிருந்து கிளம்பியது. பயணத் திட்டம் விஎஃப்ஆர், அதாவது வெளியே கண்ணால் பார்த்து ஓட்டும் முறை. ஜனவரி இரவு, கீழே இருண்ட கடல், இடையிடையே மேகம், மழை. அடிவானம் என்று ஒரு கோடு தென்படாத சூழலில் கண்ணால் பார்த்து ஓட்டுவது பெயரளவுக்குத்தான். உண்மையில் கருவிகளை நம்பியே ஓட்டியாக வேண்டும். இவருக்குக் கருவி வழிப் பறத்தலில் அண்மைக்காலப் பழக்கம் குறைவு என்று புலனாய்வு சொல்கிறது.

விமானம் ஜெர்சி தீவின் கட்டுப்பாட்டு மையத்தோடு தொடர்பில் இருந்தது. மேகத்துக்கு வெளியே இருப்பதற்காகக் கீழிறங்க அனுமதி கேட்டார் விமானி. அனுமதி கிடைத்தது. கடைசி நிமிடங்களில் ராடார் பதிவு ஏற்றமும் இறக்கமும் திருப்பமுமாக இருக்கிறது. 20:16 அளவில், கர்ன்ஸி தீவுக்கு வடக்கு-வடமேற்கே 22 கடல் மைல் தூரத்தில் அந்தப் புள்ளி மறைந்தது. மேகத்தைத் தவிர்க்கவோ அதிலிருந்து வெளியேறவோ கையால் ஓட்டிய ஒரு திருப்பத்தில் கட்டுப்பாடு இழந்திருக்கலாம், வடிவமைப்பு தாங்கும் வேகத்தை வெகுவாக மீறியதால் விமானம் காற்றிலேயே உடைந்தது என்பது ஏஏஐபியின் முடிவு. சிதைவு பிப்ரவரி 3 அன்று 68 மீட்டர் ஆழத்தில் கண்டுபிடிக்கப்பட்டது. சிதைவை மேலே கொண்டுவரும் முயற்சியைக் கடல் கொந்தளிப்பால் கைவிட நேர்ந்தது.

இவ்வளவோடு நின்றிருந்தால் இது 'தகுதியில்லாத விமானி, இருட்டு, மேகம்' என்ற நேரான கதை. ஆனால் சாலாவின் இரத்தத்தில் கார்பன் மோனாக்சைடு கலந்த ஹீமோகுளோபின் 58 விழுக்காடு இருந்தது. ஆரோக்கியமான ஒருவருக்கே 50 விழுக்காட்டுக்கு மேல் என்றால் உயிருக்கு ஆபத்து. பிஸ்டன் எஞ்சின் விமானத்தில் அறையைச் சூடாக்கும் காற்று எஞ்சினின் புகைக்குழாய் வெப்பத்தைப் பயன்படுத்துகிறது. குழாயில் விரிசல் விழுந்தால் புகை உள்ளே வர வழி உண்டு. அந்த வாயுவுக்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை. மாலிபுவில் விமானியையும் பயணியையும் பிரிக்கும் சுவர் இல்லை. எனவே விமானியும் ஓரளவு பாதிக்கப்பட்டிருப்பார். எச்சரிக்கை ஒலி எழுப்பும் கருவி எதுவும் விமானத்தில் இல்லை.

இதை எப்படி எடுத்துக்கொள்வது? புகைக்குழாய்க்கு யார் உரிமம் வைத்திருக்கிறார் என்று தெரியாது. முழுத் தகுதியுள்ள வணிக விமானி ஓட்டியிருந்தாலும் அந்தக் கசிவு நடந்திருக்கலாம். எனவே உரிமக் குறைபாடே இருவரையும் கொன்றது என்று சொன்னால் அது நியாயமாகாது. ஏஏஐபியும் அப்படிச் சொல்லவில்லை. வணிகப் பயணத்துக்குரிய பாதுகாப்புத் தரங்கள் பின்பற்றப்படாததால் கட்டுப்பாடு இழக்கும் வாய்ப்பு கூடியது என்றுதான் அளந்து சொல்கிறது. எனக்கும் அந்த அளவே சரியாகப் படுகிறது. உரிமமுள்ள நடத்துநர் அந்தப் பயணத்தைக் கருவி வழியில், இரவுப் பயிற்சி பெற்றவரை வைத்து, கூடுதல் பராமரிப்புக்கு உட்பட்ட விமானத்தில் நடத்தியிருப்பார், அல்லது நடத்தவே மறுத்திருப்பார். வாயுவால் மங்கிய மூளைக்கு இருட்டில் மேகத்தைத் தேடித் தேடி விலகும் வேலையைக் கொடுத்ததுதான் இந்தக் காகிதக் குறைபாடுகளின் பங்கு.

பயணத்தை ஏற்பாடு செய்தவரின் பங்கும் நீதிமன்றத்தில் வெளிவந்தது. அவரே ஓட்டியிருக்க வேண்டிய பயணம் அது. வெளியூரில் இருந்ததால் இந்த விமானியை அனுப்பினார். ஏற்பாட்டாளரிடம் வாடகைப் பயணம் நடத்தும் சான்றிதழ் இல்லை. இந்த விமானி அந்த விமானத்தை ஓட்ட வேண்டாம் என்று உரிமையாளர் தரப்பு 2018-லேயே அவரிடம் சொல்லியிருந்தது. அதற்குக் காரணம், முந்தைய பயணங்களில் நடந்த வான்வெளி விதிமீறல்கள். விபத்துக்குப் பின் ஏற்பாட்டாளர் தனக்குத் தெரிந்தவர்களுக்கு வாயைத் திறக்க வேண்டாம் என்று செய்தி அனுப்பினார். 2021 அக்டோபரில் கார்டிஃப் நீதிமன்றம், விமானத்தின் பாதுகாப்புக்கு ஆபத்து விளைவித்த குற்றத்துக்காக அவரைக் குற்றவாளி என்று தீர்மானித்தது. நவம்பரில் 18 மாதச் சிறை விதிக்கப்பட்டது.

இந்தச் சங்கிலியில் விமானம் யாருடையது என்று தெரிந்தவர்கள் இருந்தார்கள். விமானி எத்தனை ஆண்டு பறந்தவர் என்று தெரிந்தவர்கள் இருந்தார்கள். அமெரிக்க அட்டை இருக்கிறது என்று தெரிந்தவர்களும் இருந்தார்கள். பயணம் கிளம்புமுன் அதன் பின்னால் நின்ற பிரிட்டன் உரிமத்தைக் கையில் வாங்கித் தேதி பார்த்தவர் யாரும் இல்லை. சாலாவுக்கு இதில் எதுவும் தெரிந்திருக்க வழியில்லை. அவர் செய்ததெல்லாம் தனக்காக ஏற்பாடாகியிருந்த விமானத்தில் ஏறியதுதான்.

வெளிநாட்டு உரிமத்தில் பறப்பவர்கள் இதிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டிய வேலை சிறியது, சலிப்பூட்டுவது. முதலில் வால் எழுத்தைப் பாருங்கள், எந்த நாட்டு உரிமம் வேண்டும் என்று அது சொல்லும். அந்த உரிமம் தன் காலில் நிற்பதா, இன்னொன்றைச் சார்ந்ததா என்று பாருங்கள். சார்ந்ததென்றால் அசல் உரிமத்தின் ரேட்டிங் தேதி, மருத்துவச் சான்று, உரிம எண் மூன்றையும் சரிபாருங்கள். பிரிட்டனிலும் ஐரோப்பாவிலும் உரிம முறை மாறியபோது பலருக்கு எண்ணே மாறியது. அமெரிக்க அட்டையில் பழைய எண்ணை வைத்துக்கொண்டு பறந்தவர்கள் செல்லாத அட்டையோடு பறந்திருக்கிறார்கள். அமெரிக்க விதிப்படி 24 மாதத்துக்கு ஒருமுறை பயிற்றுநரோடு செய்யும் மீளாய்வு 61.75 அட்டைக்கும் உண்டு. பிரிட்டன் புதுப்பிப்பு வேறு, இது வேறு. இரவில் பயணியை ஏற்றுவதானால் முந்தைய 90 நாளில் மூன்று முறை இரவில் ஏறி முழுமையாக நின்று இறங்கியிருக்க வேண்டும். அதுவும் இரவு ரேட்டிங் இருப்பவருக்கு. வெளிநாட்டுப் பயிற்சிக்குப் பள்ளி தேடுபவர்கள், முடிவில் கைக்கு வரும் உரிமம் எந்த நாட்டுப் பதிவு விமானத்தை, பகலா இரவா, கூலிக்கா சொந்தத்துக்கா ஓட்ட அனுமதிக்கும் என்பதைப் பணம் கட்டுவதற்கு முன்பே எழுத்தில் கேட்டு வாங்க வேண்டும்.

கார்பன் மோனாக்சைடு விஷயத்தில் பிரிட்டன் அதிகாரிகள் விதியை மாற்றினார்கள். விமானி அல்லாத பயணிகளை ஏற்றும் குறிப்பிட்ட பிஸ்டன் எஞ்சின் விமானங்களில் ஒலி எழுப்பும் கண்டறி கருவி 2025 ஜனவரி 1 முதல் கட்டாயம். வாடகைப் பயணம் நடத்தச் சான்றிதழ் பெற்றவர்களின் பட்டியலையும் பிரிட்டன் விமானப் போக்குவரத்து ஆணையம் பொதுவில் வைத்திருக்கிறது. விமானத்துக்குப் பணம் கொடுக்கும் எவரும் நடத்துநரின் பெயரை அதில் தேடிப் பார்க்கலாம்.